இந்தக் காலால் ஒரு வருத்தமும் இல்லை

டாக்டர், நீங்கள் என் காலைத் தொடவில்லை.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு காலும் ஒரே மாதிரிதானே இருக்குது" என்றீர்கள். கெண்டைக்காலுக்கு உள்ளே யாரோ பிடித்து முறுக்குவது போல வலிக்கிறது என்றேன். மாவுக்கட்டுப் பிரித்தால் அப்படித்தான் இருக்கும் என்றீர்கள். ரத்தக்கட்டி ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். சிரித்தீர்கள். "போன்ல படிச்சுட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, கம்பவுண்டரைத் திரும்பிப் பார்த்தும் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். வெளிநாடு போகலாமா என்றேன். "தாராளமா" என்றீர்கள்.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது பயணக் கட்டுரை. இலங்கைக்குப் போய் வந்தாயே, நாலு பக்கம் எழுது என்றார். எழுதுகிறேன். சாப்பாடு, பஸ், யானை எல்லாம் வரும். ஆனால் இந்தப் பயணம் முழுக்க நான் என் இடது காலைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தேன். அந்தக் கதை உங்களிடமிருந்துதான் தொடங்குகிறது. இதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் மாதா மாதம் வாசகர் கேள்விகளுக்கு நீங்கள் பதில் எழுதுகிறீர்கள். ஆகவே இது உங்கள் கண்ணில் படாமல் போகாது.

என் தொழில் அரிசி மில்களுக்கு மெஷின் மாட்டிக் கொடுப்பது. அரிசியில் கலந்திருக்கும் கறுப்பு, பழுப்பு, கல் எல்லாவற்றையும் கேமராவால் பார்த்து, காற்றால் ஊதித் தள்ளுகிற மெஷின். எங்கள் பட்டறையில் செய்து பல இடங்களுக்கு அனுப்புகிறோம். இந்த முறை கிழக்கிலங்கையில் சம்மாந்துறை. மில் முதலாளி நிசார். மெஷின் கப்பலில் முன்னாலேயே போய்விட்டது. மாட்டி ஓட்டிக் காட்ட ஆள் போக வேண்டும். அறுவடை தொடங்கிவிட்டது, கெதியாக வாருங்கள் என்று நிசார் போனில் அவசரப்படுத்தினார். கெதியாக என்றால் சீக்கிரமாக என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கதி கெட்டுப்போய்ப் பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால் பட்டறை ஏணியிலிருந்து விழுந்தேன். இடது கணுக்காலில் எலும்பு விரிசல். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. ஐந்து வாரம் காலை நீட்டிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கட்டுப் பிரித்த நாலாம் நாள் கெண்டைக்கால் வலி ஆரம்பித்தது. அப்போதுதான் உங்களிடம் வந்தேன்.

ரத்தக்கட்டியைப் பற்றி நான் போனில் படிக்கவில்லை. எங்கள் பட்டறையில் லேத் ஓட்டியவர் பழனிச்சாமி. தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வீட்டுக்கு வந்துவிட்டார். நாங்கள் போய்ப் பார்த்தபோது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பல் துலக்கப் போனவர் மூச்சு முட்டுகிறது என்று சொல்லி உட்கார்ந்தார். அவ்வளவுதான். காலில் உறைந்த ரத்தம் நகர்ந்து போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். அவருக்குப் பாடை கட்டிய கை இது. அதனால் கேட்டேன்.

என் வீட்டுக்காரி செல்வி இலங்கைக்குப் போக வேண்டாம் என்றாள். டாக்டரே சொல்லிவிட்டார் என்று உங்களைக் காட்டித்தான் அவள் வாயை அடைத்தேன். என் கோபத்தில் அதற்கும் பங்கு உண்டு.

கொழும்பிலிருந்து கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினேன். ஒரு பகல் முழுக்க ஓட்டம். இரண்டு பேர் சீட்டு என்று யார் அளந்தார்களோ, என் முழங்கால் முன்சீட்டில் இடித்தது. இடது காலை நடைபாதையில் நீட்டினேன். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாம் அதைத் தாண்டிப் போனார்கள். கண்டக்டர் மூன்று தடவை பார்த்துவிட்டுப் போனார். நாலாம் தடவை நின்றார்.

"அண்ணன், இந்தக் காலுக்கு டிக்கட் எடுத்தீங்களா?"

"மடக்க முடியலைங்க."

"அப்ப அதுக்கும் ஒரு சீட் பாத்துத் தாறன். பொறுங்க."

சொன்னபடி செய்தார். மஹியங்கனையில் கூட்டம் இறங்கியதும் பின்னால் ஒரு முழுச் சீட்டைக் காலி செய்து, "காலார் இதில இரிக்கட்டும்" என்றார். அதிலிருந்து அந்த பஸ்ஸில் என் காலுக்குக் காலார் என்றே பேர். தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது முன்னாலிருந்த ஒருவர் திரும்பி, "காலார் இறங்கலையோ?" என்று விசாரித்தார்.

அம்பாறைக்கு முன்னால் ரோட்டில் யானை. பஸ் நின்றது. எங்கள் பக்கமாக இருந்தால் ஹாரன் அடித்தே அதற்குப் பைத்தியம் பிடிக்க வைத்திருப்போம். இங்கே டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு மாலுபணிஸைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார். மீன் வைத்துச் சுட்ட பன். முக்கோணமாக இருக்கும். எனக்கும் ஒன்று வந்தது. காரம் சரியாக இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு பெண் தன் குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆனை வேலைக்குப் போகுது மகள். போகட்டும். அது நம்மளப் போல லீவு போட ஏலாது."

யானை வேலைக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் ஆனது. சம்மாந்துறையில் இறங்கியபோது இடது கால் தரையில் ஊன்ற மறுத்தது. பிடித்து நின்றேன். கண்டக்டர் என் பையை இறக்கி வைத்து, "காலாரைக் கவனமாப் பாருங்க அண்ணன்" என்றார். அந்த நாட்டில் என் காலைப் பார்த்து முதலில் அக்கறையாகச் சொன்ன ஆள் ஒரு பஸ் கண்டக்டர். அவர் டாக்டருக்குப் படிக்கவில்லை.

நிசாருக்கு நாற்பது வயதிருக்கும். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஆட்டோவோடு வந்து காத்திருந்தார். அவர் வீட்டிலேயே எனக்கு ஒரு அறை. அவர் மனைவி ரிஸ்வானா பள்ளிக்கூட டீச்சர். சாப்பாடு வைத்தார்கள். சிவப்பரிசிச் சோறு, பாரை மீன் கறி, தேங்காய்ச் சம்பல், பருப்பு, தேங்காய் போட்டு வதக்கிய ஒரு கீரைச் சுண்டல். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வைக்கிற சோறு இங்கே ஒரு ஆளுக்கு வைக்கிறார்கள். போதும் என்றால் காதில் விழுவதில்லை. கடைசியில் மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி என்கிற மரத்துப் பாகு. நான் இனிப்புத் தயிர் சாப்பிடுகிற ஆளில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் பேசப் பேச ரிஸ்வானா சிரித்தார். "டீவி நாடகத்தில வாற மாதிரியே கதைக்கிறார்" என்று கணவரிடம் சொன்னார். சாயங்காலமானால் நம் ஊர்த் தொடர் ஒன்று விடாமல் பார்ப்பவராம். நாம் பேசுவது அவர்களுக்கு முழுக்கப் புரிகிறது. அவர்கள் பேசுவதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. நம் படமும் நாடகமும் அங்கே போகின்றன, அங்கிருந்து இங்கே ஒன்றும் வருவதில்லை. "அண்ணனோட கொஞ்சம் கதைக்கணும்" என்று நிசார் சொன்னபோது ஏதோ கதை சொல்லப் போகிறார் என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் மெஷினுக்குக் கரண்ட் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

மறுநாள் மில்லுக்குப் போனோம். வாசலில் நெல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ரோட்டோரம் முழுக்கப் படங்கு என்கிற தார்ப்பாய் விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. யாரும் யாரையும் திட்டவில்லை. எங்கள் ஊரில் இதற்கு மூன்று வழக்கு நடந்திருக்கும்.

வேலை என்னவோ எனக்குப் பழகின வேலைதான். அடித்தளம் மட்டம் பார்ப்பது, காற்றுக் குழாய் இணைப்பது, கேமரா சரி செய்வது. ஆனால் எல்லாம் ஏணி மேல். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்கினேன். சாயங்காலத்துக்குள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. தொட்டால் சுட்டது.

நெல் அவிக்கிற மஜீத் என்பவர் ஒரு சீசாவில் எண்ணெய் கொண்டுவந்தார். "ரத்தம் கட்டிட்டு. நல்லா உருவி விட்டா நாளைக்கு ஓடித் திரிவீங்க" என்றார். நம் ஊரிலும் இதே பேச்சுத்தான். அடிபட்டு நீலமானாலும் ரத்தம் கட்டிவிட்டது என்போம், பழனிச்சாமியைக் கொன்றதையும் ரத்தக்கட்டு என்போம். காலை நீட்டினேன். அவர் கட்டை விரலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். வலி தாங்காமல் அவரை உதைத்துவிட்டேன். சீசா உருண்டது. மஜீத் சட்டையைத் துடைத்துக்கொண்டு, "காலுக்கு நல்ல பலம் இரிக்கி, ஒண்டும் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த உதைதான் நான் அந்த வாரத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் என்று பிறகு தெரிந்தது.

அன்றைக்குச் செல்வி போன் செய்தாள். "ஏனுங்க, கால் எப்படி இருக்குதுங்க?" நன்றாக இருக்கிறது என்றேன். "பொய் சொல்றப்ப உங்க குரல் ஒரு மாதிரி மெதுவாயிரும்" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நிசார் நான் நடப்பதைப் பார்த்துவிட்டார். "ஏன் காலை இழுக்கிங்க? வாங்க, கல்முனையில டொக்டர்ட்ட காட்டுவம்." வேலை சுணங்கும் என்றேன். சுணங்கும் என்றால் தாமதமாகும். அவர்கள் வார்த்தையை அவர்களிடமே சொல்லிப் பார்த்தேன், மசியவில்லை. ஆட்டோவில் ஏற்றினார். மாவடிப்பள்ளிப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு அறுவடை மெஷின் பாலத்தை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. ஆட்டோக்காரர் கீழே இறங்கி நடந்து போய் அதன் டிரைவரோடு பேசிக்கொண்டே கூட நடந்தார். இரண்டு பேரும் சொந்தக்காரர்களாம். காரைதீவில் திரும்பி, சாய்ந்தமருது தாண்டி, கல்முனை போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

டாக்டர் இளம் வயது. அறைக் கதவு திறந்தே இருந்தது. வெளியே பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர். அவர் எழுந்து வந்தார். கவனியுங்கள், எழுந்து வந்தார். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து இரண்டு கெண்டைக்காலையும் அமுக்கினார். தையற்காரர் டேப் ஒன்றை எடுத்து இரண்டையும் சுற்றி அளந்தார்.

"ரெண்டும் சமன்தான். வீக்கம் இல்ல. இந்தக் கால்ல முந்தி ஏதும் வருத்தம் இருந்திச்சா?"

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மனசு விட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இந்தக் காலால எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க. நல்லா உழைச்ச கால்" என்றேன்.

"வேற வருத்தம் ஏதும்?"

"வருத்தப்படற ஆள் நானில்லைங்க."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, உங்கள் சிரிப்பு மாதிரி இல்லை. என்ன வேலை என்று கேட்டார். ஏணியைச் சொன்னேன். தசை பிடித்திருக்கும் என்று இரண்டு நாளைக்குக் குளிசை கொடுத்தார். குளிசை என்றால் மாத்திரை. "குறையாட்டி வாங்க. மூச்சு எடுக்கக் கஷ்டமா இருந்தா ஒரு நிமிஷமும் பாக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

அப்போது கேட்டிருக்கலாம். ரத்தக்கட்டியா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பெஞ்சில் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் நிசார். இவரும் சிரித்துவிட்டால்? விழுங்கிவிட்டேன். முப்பது வருடமாக யாரிடமும் எதையும் பயந்து விழுங்காதவன் நான். அந்த வெட்கம் உங்கள் அறையில் எனக்கு ஏறியது. அதையும் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டி எடுத்துப்போயிருக்கிறேன்.

நாலாம் நாள் காலையில் ஏணியில் பாதி ஏறியபோது மூச்சு முட்டியது. நெஞ்சின் ஒரு பக்கம் ஊசி குத்தின மாதிரி இருந்தது. இறங்கி அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சரியானது. பழனிச்சாமி ஞாபகம் வந்தது. டாக்டர் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஒரு நிமிஷமும் பார்க்காமல் போ என்றார். நான் நாலு மணி நேரம் பார்த்தேன். தூசி, வயசு, நேற்றுத் தின்ற சோறு என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டேன். இதில் என் முட்டாள்தனம் எவ்வளவோ அவ்வளவையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். மீதி உங்களுடையது.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ரிஸ்வானா, "டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"தசை பிடிப்பாம். முந்தி ஏதும் வருத்தம் இருந்திச்சா எண்டு கேட்டார். அண்ணன் இல்லெண்டார்" என்றார் நிசார்.

"எதுக்குங்க வருத்தப்படணும்?" என்றேன் நான். "ஏணியிலிருந்து விழுந்தோம், எலும்பு விரிஞ்சுது, கட்டுப் போட்டோம், பிரிச்சோம். அதுக்கெல்லாம் வருத்தப்பட்டா தொழில் பண்ண முடியுங்களா?"

சோற்றுக் கரண்டி ரிஸ்வானா கையில் அப்படியே நின்றது. "என்ன கட்டு?"

"மாவுக்கட்டுங்க."

"எந்தக் கால்ல?"

"இதே கால்லதான். அஞ்சு வாரம்."

"அண்ணன், நேத்து டொக்டர் அதைத்தானே கேட்டார்?" என்றார் நிசார்.

"அவர் வருத்தம் இருந்துச்சான்னு கேட்டார். இல்லைன்னு சொன்னேன்."

ரிஸ்வானா கரண்டியைக் கீழே வைத்தார். கணவரைப் பார்த்துத்தான் பேசினார். "இஞ்ச பாருங்க. இந்தியாவில வருத்தம் எண்டா நோய் இல்ல, கவலை. நாடகத்தில எனக்கு வருத்தமா இருக்கு எண்டு சொல்லிச் சொல்லி அழுகிறாளுகள், அவளுகளுக்குக் காய்ச்சலா? டொக்டர் நோயைக் கேட்டிருக்கார். இவர் கவலையச் சொல்லி இருக்கார்."

ரிஸ்வானா என்னிடம் திரும்பினார். "அண்ணன், மூச்சு எப்படி?"

"காலைல ஒரு தடவை முட்டுச்சுங்க."

"நாடகம் பாக்காதே பாக்காதே எண்டு ஏசுவீங்களே," என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே ஆட்டோக்காரருக்குப் போன் செய்தார். நான் கை கழுவ எழுந்தேன். "இரிங்க. கைக்குத் தண்ணி இஞ்ச வரும். காலை அசைக்காதீங்க."

கல்முனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நிசார் அந்த இளம் டாக்டருக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார். அவர் அங்கேதான் பகலில் வேலை செய்கிறாராம். நாங்கள் போனபோது வாசலில் நின்றார். கூட ஒரு ஊழியர் தள்ளுநாற்காலியோடு வந்து, "வருத்தக்காரர் எங்க?" என்று கேட்டார். நிசார் என்னைக் காட்டினார். வருத்தக்காரர் என்றால் நோயாளி. முதல் நாளே யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், உண்மையும் அன்றைக்கே வெளியே வந்திருக்கும்.

டாக்டர் மறுபடி டேப்பை எடுத்தார். நேற்றைய அளவேதான். ஆனால் இன்று அவர் முகம் வேறு. "அஞ்சு கிழமை கட்டுக்குள்ள இருந்த கால் சூம்பியிருக்கணும் அண்ணன். மற்றக் காலை விட மெலிஞ்சு தெரியணும். இது மெலியாம சமனா இருக்கெண்டா, வீங்கித்தான் சமனாகி இருக்கு."

உங்களை நினைத்துக்கொண்டேன். ரெண்டு காலும் ஒரே மாதிரிதானே இருக்குது. நீங்கள் எந்த வார்த்தையைச் சொல்லி என்னை அனுப்பினீர்களோ அதுவே நோய் இருப்பதற்கு அடையாளம். கட்டுப் போட்டது உங்களுக்குத் தெரியும். நான் சொன்னேன், நீங்களே கட்டைப் பற்றிப் பேசினீர்கள். இந்தப் பையனுக்குத் தெரியாது. தெரிந்த நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

"யாரும் உருவி விட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு இழுப்பு. உதைச்சிட்டேன்."

"உதைச்சது நல்லம். உருவினா அது உடைஞ்சு மேல போகும்."

இப்போது கேட்டேன். சிரித்தாலும் பரவாயில்லை என்று கேட்டேன். "ரத்தக்கட்டிங்களா?"

"அப்பிடித்தான் நினைக்கிறன். ஸ்கேன் பாப்பம்" என்றார். அவ்வளவுதான். ஒரு கேள்விக்கு ஒரு பதில்.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கருவியை வைத்து முழங்காலுக்குப் பின்னால் அமுக்கினார்கள். நல்ல ரத்தக்குழாய் என்றால் அமுக்கும்போது சப்பையாகுமாம். வலது காலில் ஆனது. நானே திரையில் பார்த்தேன். இடது காலில் உருண்டையாக அப்படியே நின்றது. உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தது. அதில் ஒரு சிறு துணுக்குதான் காலையில் நெஞ்சு வரைக்கும் போயிருக்கிறது என்று பிறகு நெஞ்சை ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். பெரிய துணுக்காக இருந்திருந்தால் நான் அந்த ஏணியிலிருந்தே போயிருப்பேன்.

வார்டில் போட்டார்கள். வயிற்றுத் தோலில் ஊசி, ரத்தம் உறையாமலிருக்க. காலையும் மாலையும் ஒன்று. பக்கத்துக் கட்டிலில் சாய்ந்தமருதைச் சேர்ந்த மீன்பிடிக்காரர், சர்க்கரை நோயில் கால்புண். என்னுடைய கதை எனக்கு முன்னால் வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. "கவலை இல்லாத மனுசன் எண்டு சொன்னீங்களாம்?" என்று தொடங்கினார். தினம் காலையில் எழுந்ததும், "அண்ணன், இண்டைக்கு வருத்தமா, கவலையா?" என்பார். "ரெண்டும் இல்ல, கோபம்" என்பேன். "அதுக்கு இஞ்ச ஊசி இல்ல" என்பார். காரைதீவிலிருந்து வரும் நர்ஸ், "வருத்தக்காரர் ரெண்டு பேரும் வாயை மூடுங்க, டொக்டர் வாறார்" என்று அதட்டுவார். புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் ரிஸ்வானா வீட்டிலிருந்து வந்தது. மீன்பிடிக்காரர் வீட்டிலிருந்து எனக்குப் பொரித்த மீன் வந்தது. மஜீத் வந்தார், கையில் சீசா இல்லை. "உதைச்சதுக்கு நானும் நன்றி சொல்லணும். இல்லாட்டி கொலைகாரனாப் போயிருப்பன்" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் இளம் டாக்டர் என் கட்டிலுக்கு வந்தார். வார்டு முழுக்க ஆள். பார்வை நேரம் வேறு. அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"அண்ணன், என்ட பிழைதான். வருத்தம் இருந்திச்சா எண்டு கேட்டு, இல்லெண்டதும் விட்டுட்டன். அடிபட்டதா, கட்டுப் போட்டதா எண்டு பிரிச்சுக் கேட்டிருக்கணும். இனி இந்தியாவில இருந்து ஆர் வந்தாலும் அப்பிடித்தான் கேப்பன்."

அவர் பிழை அதில் கால்வாசி கூட இல்லை. வார்த்தை எனக்குப் புரியவில்லை, நானும் கேள்வியை விழுங்கினேன். ஆனாலும் அவர் தன் பங்கை எடுத்து நடு வார்டில் வைத்தார். மீன்பிடிக்காரர் கூட அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. நானும் பதிலுக்கு என் பிழையைச் சொன்னேன். செல்விக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு அந்த டீச்சரிடம் போனைக் கொடுங்கள் என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் தினமும் பேசிக்கொண்டார்கள்.

வார்டிலிருந்து வந்த பிறகு மெஷினை நாற்காலியில் உட்கார்ந்தபடி மாட்டினேன். நான் சொல்லச் சொல்ல நிசார் ஏணியில் ஏறினார். அந்த உடம்போடு ஏறினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லாரும் திரும்பியதும் ஸ்விட்சைப் போட்டோம். ஒரு பக்கம் வெள்ளை அரிசி, இன்னொரு பக்கம் கழிவு. நிசார் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறுப்பு ஒன்று கூட இல்லை. "ஒவ்வொரு அரிசியையும் பாக்குதா அண்ணன்?" என்றார். ஓம் என்றேன். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தை எனக்கும் வந்துவிட்டது.

பறக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்ன பிறகுதான் கிளம்பினேன். காலில் இறுக்கமான உறை, பையில் குளிசை, மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். கொழும்பு போகும் பஸ்ஸில் அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் முன்சீட்டுக்காரரை எழுப்பிவிட்டார். "காலார் வாறார், இடம் குடுங்க."

இப்போது நான் நன்றாக இருக்கிறேன். ஏணியும் ஏறுகிறேன். இந்தக் காலால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இரண்டு நாட்டு அர்த்தத்திலும். உங்களால்தான் இருக்கிறது.

டாக்டர், உங்களுக்கும் எனக்கும் ஒரே தமிழ்தான். வருத்தம் என்றால் நம் இரண்டு பேருக்கும் ஒரே அர்த்தம். அங்கே ஒரு டாக்டர் கேட்டார், எனக்குப் புரியவில்லை. இங்கே நான் கேட்டேன், உங்களுக்கு நன்றாகப் புரிந்தது, சிரித்தீர்கள். உங்கள் மேசைக்கு முன்னால் வந்து சத்தம் போட எனக்குத் தெரியும். செல்வி அதைத்தான் செய்யச் சொன்னாள். நான் வரமாட்டேன். அங்கே வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சமாதானம் பேசுவீர்கள். உங்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் நடக்கிறார்களோ, அவர்கள் காதில் அது விழாது.

ஆகவே மாதா மாதம் உங்களுக்கு வரும் வாசகர் கேள்விகளில் இதையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாரம் மாவுக்கட்டில் இருந்த கால், கட்டுப் பிரித்த பிறகு மற்றக் காலுக்குச் சமமாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? அது ரத்தக்கட்டியா என்று கேட்டவனைப் பார்த்து ஏன் சிரித்தீர்கள்? இந்தக் கட்டுரையின் தலையில் என் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டு, ஊர் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.